காற்று திரும்பிய நேரம்

ஜூன் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடுவார்கள். ஒன்பது பேர். 2005இல் அது விவேக் நகரில், ஜோசஃபின் டீச்சர் வீட்டில் நடந்தது. அவர் பள்ளியில் பூகோளம் எடுப்பவர். மொட்டை மாடியில் மழைமானி வைத்திருந்தார். மற்ற எட்டுப் பேரும் அவரவர் மாடியில் வைத்திருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் என் கணவர் சேஷகிரியும் ஒருவர். தினமும் காலை எட்டரைக்கு அளவெடுத்து, ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வார்கள். எனக்கு அதில் ஆர்வம் இருக்கவில்லை. போண்டா நன்றாக இருக்கும் என்று சொல்லி என்னையும் பிள்ளையையும் அழைத்துப் போனார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பருவமழை பிடிப்பதற்குமுன் ஒவ்வொருவரும் தங்கள் முதல் மேகத்தைச் சொல்ல வேண்டும். எந்த நாள், எந்த இடம், எதைப் பார்த்து இதில் விழுந்தார்கள் என்று. பழையவர்களும் வருடாவருடம் திரும்பச் சொல்வார்கள். யாரும் அலுத்துக்கொள்வதில்லை.

பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற சீனிவாசராகவன் ஆரம்பித்தார்.

"எனக்கு ஒம்பது வயசு. பசவனகுடி வீடு. பக்கத்து வீட்டுத் தென்னை மேல நேரா இறங்கித்து மின்னல். மரம் உச்சியில எரியறது. கீழ மழை கொட்டறது. மெழுகுவத்தி ஏத்தி வெச்ச மாதிரி."

"பயமா இல்லையா சார்?" என்றேன்.

"பயமா? கை தட்டினேன்மா. அப்பா வந்து ஒண்ணு விட்டார். இந்தக் காதுல இன்னும் கேக்கறது."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து ஜோசஃபின் டீச்சர் சொன்னார். கடலூர்ப் புயல். கூரைத் தகடுகள் சீட்டுக்கட்டுபோலத் தெருவில் பறந்துவந்தன. ஒரு தகடு எதிர்வீட்டுக்காரரின் காலை வெட்டியது. "அவர் கத்தினது எனக்குக் கேக்கவே இல்ல. தகடு எந்தப் பக்கம் திரும்புதுன்னுதான் பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினார். "இன்னொண்ணு எடுத்துக்கோம்மா."

எல்லாக் கதையிலும் யாரோ எதையோ இழந்திருந்தார்கள். ஒரு எருமை. ஒரு சுவர். ஒருவரின் நெல். சொல்கிறவர்களின் முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

சேஷகிரியின் முறை வந்தது. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார்.

அவருக்கு வேலை, மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. பிழை வரும்போது கை வைக்கக் கூடாது. அது தானாக முடியும்வரை பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுத வேண்டும். நடுவில் நிறுத்தினால் காரணம் தெரியாமல் போய்விடும். வீட்டிலும் அப்படித்தான். பால் பொங்கினால் பக்கத்திலேயே நிற்பார். அணைக்கக் கூடாதா என்றால், எந்தப் பக்கம் வழியுதுன்னு பார்த்தேன் என்பார். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"2003, ஏப்ரல் இருபத்துநாலு, வியாழக்கிழமை," என்று படித்தார். "ஹெப்பகோடி. எங்க வீட்டு மொட்டை மாடி. 4.42, காற்று நின்றது. 4.44, காற்று திரும்பியது. மேற்கிலிருந்து வந்தது, இப்போது கிழக்கிலிருந்து. பருந்துகள் இறங்கின. 4.51, மேகத்தின் விளிம்பு. பலகை போல நேராக. அடிப்பக்கம் பச்சை. 4.58, முதல் துளி. எட்டணா அளவு. 5.03, ஆலங்கட்டி. 5.19, ஆலங்கட்டி நின்றது, மழை நிற்கவில்லை. 5.26, தெரு முழுதும் மின்சாரம் போனது. 5.31, பேனா மை கரைகிறது."

கடைசி வரிக்குக் கை தட்டினார்கள். சீனிவாசராகவன் எழுந்து வந்து அவர் முதுகில் தட்டினார்.

"அதுக்கு முன்னாடி இதுல ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல சார். அன்னிக்குத் துணி எடுக்கத்தான் மேல போனேன்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். அந்த நாளின் வேறு சில நேரங்கள் எனக்குத் தெரியும்.

எங்கள் மகன் ஷ்ரேயாஸுக்கு அப்போது ஒன்றரை வயது. பகலில் சாந்தகுமாரியிடம் விட்டிருந்தோம். அவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். கணவருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. வீட்டிலேயே பேபி சிட்டிங் நடத்தினார். வீடு ஏரிக்கு இறக்கத்தில், பெரிய வடிகாலை ஒட்டி இருந்தது. அந்தக் கோடையில் மேலே அடுக்குமாடி கட்டுகிறவர்கள் இடிபாடுகளை வடிகாலில் கொட்டியிருந்தார்கள்.

அன்று நாலு முப்பத்தைந்துக்கு சாந்தகுமாரி எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். வானம் சரியில்லை, பிள்ளையைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டு போங்கள் என்று. சேஷகிரிக்குக் காலை ஷிப்ட். வீட்டில்தான் இருந்தார். நாலு நாற்பதுக்கு அலுவலகத்திலிருந்து நான் கூப்பிட்டேன். செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். நடந்தால் எட்டு நிமிடம்.

அவர் போய்ச் சேர்ந்தது ஆறு மணிக்கு. அதற்குள் வடிகால் உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்திருந்தது. சாந்தகுமாரி இரண்டு பிள்ளைகளைச் சமையல் மேடையில் ஏற்றிவிட்டு, எல்லோரிலும் சின்னவனான ஷ்ரேயாஸை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்ததும் தோளுக்கு மாற்றியிருக்கிறார். அப்படியே நாற்பது நிமிடம். பேச ஆரம்பித்திருந்த பையன். பிறகு பதினோரு நாள் ஒரு சொல் பேசவில்லை.

ரோட்டில் மரம் விழுந்துவிட்டது, வர முடியவில்லை என்று சேஷகிரி சொன்னார். மரத்தை நானே பார்த்தேன். நம்பினேன்.

கூட்டம் முடிந்து திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஷ்ரேயாஸ் என் மடியில் தூங்கினான்.

"நாலு நாப்பதுக்கு நான் போன் பண்ணேன்," என்றேன்.

"ஆமா."

"செருப்பு போட்டுட்டு இருக்கேன்னு சொன்னீங்க."

"போட்டேன். அப்புறம் துணி நனையுமேன்னு மேல போனேன்."

"துணி எல்லாம் நனைஞ்சுதான் இருந்தது."

அவர் ஷ்ரேயாஸின் காலில் கழன்றிருந்த செருப்பை மாட்டிவிட்டார்.

"மரம் விழுந்துதுன்னு சொன்னீங்க."

"விழுந்தது. அஞ்சே முக்காலுக்கு."

நடத்துனர் வந்து போனார். மடிவாளாவில் நெரிசல்.

"மேல நின்னப்போ குழந்தை ஞாபகமே வரலையா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். யோசித்தார். சரியான விடை தர யோசிக்கிறவரைப் போல.

"வந்தது. அஞ்சு மூணுக்கு."

"அதை எழுதினீங்களா?"

"இல்ல."

அன்று மாலை ஒரு விதி போட்டேன். மழை வரும் நாளில் ஷ்ரேயாஸ் அவருடன் தனியாக இருக்கக் கூடாது. நான் போய்த்தான் சாந்தகுமாரி வீட்டிலிருந்து கூட்டிவர வேண்டும், மழைக்குமுன். எந்த நிலையிலும் அவர் போகக் கூடாது. சேஷகிரி வாதாடவில்லை. "அதான் சரி," என்றார். "எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல." அவர் வாதாடியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

வேறு பேபி சிட்டிங் பார்க்கலாமே என்று அம்மா சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. சாந்தகுமாரி வாசல் படியை இரண்டு கல் உயர்த்திக் கட்டியிருந்தார். நாற்பது நிமிடம் இறக்கி வைக்காத தோள். அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை.

விதியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மழை எப்போது வரும் என்று எனக்குத் தெரிய வேண்டும். பத்திரிகையில் போடுவது உதவவில்லை. ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும். எந்த ஓரிரு இடம்?

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அலுவலகம் ஐந்தாவது மாடி. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. என் இடத்தை அந்தப் பக்கம் மாற்றிக் கேட்டேன். பன்னேர்கட்டாப் பக்கம் பகல் ஒரு மணிக்கு மேகம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தேன். கீழே கொடிக்கம்பத்தில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தேன். கழுத்தில் வியர்வை காய்கிறதா என்று கவனித்தேன். தெரியாததைச் சேஷகிரியிடம் கேட்டேன். கூட வேலை செய்கிறவருக்குச் சொல்வதைப் போல அவர் பதில் சொன்னார். வேறு எதைப் பற்றியும் அந்த மாதங்களில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

"இன்னிக்கு வராது," என்பார் காலையில்.

"வரும். நாலரைக்குள்ள."

வந்தது. ஆகஸ்டுக்குள் அவரைவிட நான் சரியாகச் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அலுவலகத்தில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்க வெளியே போனார்கள். "மளெ மேடம்" என்று கன்னடத்தில் பெயரும் வைத்தார்கள். மூன்று முறை முன்கூட்டியே கிளம்பிப் போய் ஷ்ரேயாஸை வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்தினேன். மூன்று முறையும் கால் மணி நேரத்தில் மழை. கதவைச் சாத்தியதும் எனக்குள் ஒன்று இருந்தது. நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜோசஃபின் டீச்சர் போன் செய்தார். "சேஷு எல்லாம் சொன்னான். நீயும் எங்ககூட வந்துடேன். ஒரு மழைமானி தரேன்."

"எனக்கு இதுல ஆசையெல்லாம் இல்ல டீச்சர். பயத்துல பார்க்கறேன்."

"எதுல வேணா ஆரம்பிம்மா," என்றார். "போகப் போக ரெண்டும் ஒண்ணுதான்."

அக்டோபரில் மழை நிற்கவே இல்லை. ஏரிகள் நிரம்பின. மண் இனி ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாத நிலைக்கு வந்திருந்தது. நாலாவது வாரத்தில் ஒரு நாள் காலை முதல் வெயில் அடித்தது. எல்லோரும் துணி காயப்போட்டார்கள். எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. பகல் இரண்டரைக்குக் கொடிக்கம்பத்தில் கொடி தொங்கிப்போனது. சேஷகிரிக்குப் போனில் சொல்லிவிட்டு மூன்று பத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

ஆட்டோ ஏரிக்கரை வரை வந்தது. கீழே இறங்கும் மண்சாலையைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் நிறுத்தினார். "மளெ பருத்தே மேடம். முந்தெ ஹோகல்ல." மழை வருகிறது, இதற்குமேல் போகமாட்டேன் என்றார். சரி என்று இறங்கிக்கொண்டேன். கரைமேல் நடந்து மறுமுனையில் இறங்கினால் சாந்தகுமாரி வீடு. ஐந்து நிமிடம். மணி மூன்று முப்பத்தைந்து.

பாதிக் கரையில் காற்று நின்றது.

ஏரியில் இருந்த சிற்றலைகள் ஒவ்வொன்றாக அடங்கின. தவளைகள் நிறுத்தின. தூரத்துச் சாலையில் லாரிகளின் சத்தம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. மேற்கே பார்த்தேன். பார்த்துவிட்டு நடக்கலாம் என்றுதான்.

மேகம் நகரவில்லை, வளர்ந்தது. விளிம்பு நேராக இருந்தது, கோல் வைத்துக் கிழித்ததுபோல. அதன் கீழே இன்னொரு இருட்டு. அது மெல்லச் சுருண்டுகொண்டிருந்தது. அடிப்பக்கம் பச்சை. சேஷகிரி படித்தபோது அந்தப் பச்சை எனக்குப் புரிந்திருக்கவில்லை. அடிபட்டுக் கன்றிய இடம் மஞ்சளாவதற்குமுன் ஒரு நிறம் வரும். அது. கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன, சத்தமில்லாமல் என் தலைக்குமேல் போயின. ஏரி கறுத்தது. பிறகு என் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த கை ஒன்று வைக்கப்பட்டது. காற்று திரும்பிவிட்டது.

நான் எதையும் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே வரட்டும் என்று மட்டும் இருந்தது.

யாரோ கத்தினார்கள். சைக்கிளில் பால்காரர். கையை ஆட்டிப் போகச் சொன்னார். அவர் போய்விட்டார். மழை ஏரியின் மறுகரையில் விழுந்து, தண்ணீர்மேல் நடந்து, என்னிடம் வந்தது. அது வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அது என்மேல் ஏறியபோதும் நின்றேன்.

செருப்புக்குள் தண்ணீர் புகுந்து கால் வழுக்கியபோதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபது.

ஓடினேன். சாந்தகுமாரி வீட்டு வாசலில் தண்ணீர் ஏறியிருந்தது. புதிதாகக் கட்டிய இரண்டு கல்லில் ஒன்று மூழ்கியிருந்தது. உள்ளே கட்டில்மேல் மூன்று பிள்ளைகள். ஷ்ரேயாஸ் இல்லை.

"எங்க அவன்?"

"சார் வந்து தூக்கினு போயிட்டாரு மேடம்."

"யாரு சொன்னா அவரை வரச் சொல்லி?"

"நான்தான்." சாந்தகுமாரி என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "உங்களுக்கு எத்தினி வாட்டி போன் போட்டேன்? எடுத்தாதானே. வீட்டுக்குப் போட்டேன். மேடம் மூணு மணிக்கே கெளம்பிட்டாங்க, நான் வரக்கூடாதுன்னாரு. ஐயோ சார், தண்ணி ஏறுது, வந்துடுங்கன்னு அழுதேன். வந்தாரு."

பையிலிருந்த போனை எடுத்தேன். ஏழு அழைப்புகள். ஒன்றும் என் காதில் விழவில்லை.

"கரை மேலதான் நின்னுக்கினு இருந்தீங்களாமே. பால்காரரு சொல்லிட்டுப் போறாரு. அந்தம்மா வூட்ல யாருனா செத்துட்டாங்களான்னு கேக்கறாரு."

நான் வாசலைப் பார்த்தேன்.

"நீங்களுமா மேடம்?" என்றார் சாந்தகுமாரி. கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் பக்கம் நகர்ந்து, எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு எட்டு நிமிடம். தெருவில் முழங்கால் தண்ணீர். அவர் கையில் குழந்தை. வெளியே இந்த மழை. இந்த மேகத்தை விட்டுவிட்டு அவரால் வீட்டுக்குள் போயிருக்க முடியாது. இப்போது எனக்கு அது தெரியும். மூன்று மாடி ஏறி நேராக மொட்டை மாடிக்குப் போனேன். கதவைத் தள்ளினேன்.

யாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டி. மழைமானி. அறுந்த கொடிக்கயிறு. கைப்பிடிச் சுவர் வரை போய்க் கீழே எட்டிப்பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பும்போது ஒரு முறை மேற்கே பார்த்தேன். அதற்குப் பிறகுதான் இறங்கினேன்.

வீடு இருட்டாக இருந்தது. மின்சாரம் இல்லை. கூடத்தில் இல்லை. படுக்கையறையில் இல்லை. திரைகள் எல்லாம் இழுத்துவிடப்பட்டிருந்தன. குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஷ்ரேயாஸின் குரல் கேட்டது.

திறந்தேன். ஒரு மெழுகுவத்தி. ஷ்ரேயாஸ் கவிழ்த்த வாளிமேல் பிஸ்கட் பாக்கெட்டுடன் உட்கார்ந்திருந்தான். சேஷகிரி ஈரத் தரையில், சுவர் பார்த்து. மேலே காற்றுப்போக்கியில் துண்டை அடைத்திருந்தார்.

"அம்மா, நாங்க பாத்ரூம்ல பிக்னிக்," என்றான் ஷ்ரேயாஸ்.

"இங்கதான் ஜன்னல் இல்ல," என்றார் சேஷகிரி. சுவரைப் பார்த்தே சொன்னார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் முகத்தில் எதைப் பார்த்தாரோ தெரியவில்லை. எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்றார்.

"முக்கா மணி நேரம்."

"எனக்கு அன்னிக்கு நாப்பத்தொம்பது நிமிஷம்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகவும் இல்லை. அளவு சொன்னார்.

"சுப்ரியா, நீ இருக்கேன்னுதான் நான் தைரியமா இருந்தேன்."

"தெரியும்."

"இனிமே மழை நாள்ல இவன் யார்கிட்ட இருக்கறது?"

சாந்தகுமாரி பிள்ளைகளை மறைத்து நின்றது நினைவுக்கு வந்தது. அவரிடம் கேட்கலாம். ஆனால் அவர் வாசல் படியில் தண்ணீருக்கு இன்னும் ஒரு கல்தான் மிச்சம்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஷ்ரேயாஸின் மறுபக்கம் உட்கார்ந்தேன். அவன் இடது கையை நான் பிடித்துக்கொண்டேன். வலது முழங்கையைச் சேஷகிரி பிடித்திருந்தார். பிஸ்கட் தின்னத் தோதாக.

கதவின் அடியில் மின்னல் வெள்ளையாக ஒரு கோடாக வந்து போனது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதில் இடி வந்தது. மூன்று கிலோமீட்டர். நிமிர்ந்தபோது அவருடைய உதடுகளும் அப்போதுதான் நின்றன. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்தது ஏழு.

சுவரில் தண்ணீர்க் குழாய் அதிர்ந்தது. மெழுகுவத்தியின் சுடர் கதவுப் பக்கம் சாய்ந்தது, பிறகு எங்கள் பக்கம் சாய்ந்தது. நான் அதைக் கவனித்தேன். அவரும் கவனித்தார்.

ஐந்து.

"பிஸ்கட் தீந்துபோச்சு," என்றான் ஷ்ரேயாஸ். அவன் அதை முதல் முறையாகச் சொல்லவில்லை என்று குரலில் தெரிந்தது.